உயரும் வீடுகளும் உவர்க்கும் கிணறுகளும்

தென் இலண்டனின் ஸ்ட்ரெதம் பகுதியில் வாழும் எமது பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியிற் கற்கும் புவியியற் பாடத்தில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்றோர் எண்ணக்கரு உண்டு. பிள்ளைகள் அதனை மனனஞ் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். பெற்றோரோ அது வயிறு நிறைந்தவர்கள் பேசும் பேச்சு என்றும், மரத்தையும் பறவையையும் பற்றிக் கவலைப்பட நேரமுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றும் கருதி ஒதுக்கிவிடுகின்றனர். ஊரை இழந்து, உறவுகளைப் பிரிந்து, இரவுபகலாக உழைத்து வாழ்பவர்களுக்குச் சுற்றாடல் எதற்கு என்ற வினா எம்மவரிடையே பலகாலமாக நிலவி வருகின்றது.

இவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிலைபேறான அபிவிருத்தி என்பது மேனாட்டார் எமக்குக் கற்பித்த புதுமையன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு கிணற்றை நம்பி வாழ்ந்த ஒவ்வொரு குடும்பமும் அப்பெயரை அறியாமலே அதன்படி ஒழுகியது. இன்று அந்த ஒழுக்கம் குலைந்து வருகின்றது. அக்குலைவில் புலம்பெயர்ந்த நாம் இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இதனை வெளிப்படையாகப் பேசும் காலம் வந்துவிட்டது.

பாடநூல் கூறுவது

முதலில் பாடநூல் கூறுவதைச் சுருக்கமாகக் காண்போம். 1972ஆம் ஆண்டு சுவீடன் தலைநகர் ஸ்ரொக்ஹோமில் மானிடச் சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது. பூமியின் வளங்களுக்கு எல்லை உண்டு என்பதனை உலக நாடுகள் ஒன்றுகூடிப் பேசிய முதற் பெரும் நிகழ்வு அதுவாகும். பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1987இல், நோர்வேயின் முன்னாட் பிரதமர் குறோ ஹார்லெம் புறுண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையிலான ஆணைக்குழு தனது அறிக்கையை வெளியிட்டது. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவுசெய்யும்போது, வருங்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவுசெய்யும் வல்லமையைக் கெடுத்துவிடலாகாது என்பதே அவ்வறிக்கையின் சாரம். 1992இல் றியோ டி ஜெனீரோவில் கூடிய மாநாடு இதனை உலகக் கொள்கையாக்கியது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை 2030ஆம் ஆண்டை எல்லையாக வைத்துப் பதினேழு இலக்குகளை வகுத்தது. அவற்றுள் ஆறாவது இலக்கு தூய நீரும் துப்புரவும் பற்றியதாகும்.

இவற்றையெல்லாம் எம்மவர் மொழியிற் கூறுவதாயின் ஒரே வாக்கியம் போதும். முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு வாழ்வதே நிலைபேறான வாழ்வு. முதலையே எடுத்து உண்பவன் சில ஆண்டுகள் செல்வந்தனாகத் தோன்றுவான். அவனுடைய பிள்ளை கடனாளியாகப் பிறப்பான்.

இக்கருத்து எமது தீவுக்குப் புதியதன்று என்பதனை உலக நீதிமன்றத்திலேயே எடுத்துரைத்தவர் இலங்கையரான நீதியரசர் சீ. ஜீ. வீரமந்திரி ஆவார். டான்யூப் நதியில் அணை கட்டுவது தொடர்பாக ஹங்கேரிக்கும் சுலோவாக்கியாவுக்கும் இடையில் எழுந்த வழக்கில், 1997 செப்டெம்பரில் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அத்தீர்ப்புடன் தாம் தனியே எழுதிய கருத்துரையில், பண்டைய இலங்கையின் குளங்களையும் நீர்ப்பாசன முறைகளையும் நிலைபேறான அபிவிருத்திக்குச் சான்றாக அவர் முன்வைத்தார். சிறியதொரு தீவின் குளக்கட்டுகள் ஐரோப்பியப் பெருநதி ஒன்றின் வழக்கிற் சாட்சியாகின என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வன்னியின் குளங்களைப் பற்றி எம்மவர் பெருமையுடன் பேசுவர். ஆனால் குடாநாட்டின் உண்மையான குளம் கண்ணுக்குத் தெரியாதது. அது நிலத்தின் கீழே உள்ளது.

உவர்நீரில் மிதக்கும் நன்னீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வலிகாமத்தின் குளங்கள் சிலவற்றை இணைத்துக்கொண்டு சென்று அராலியிற் கடலேரியுடன் கலக்கும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்று மழையே குடாநாட்டின் வருமானம். அம்மழையில் ஒரு பகுதி ஆவியாகின்றது. ஒரு பகுதி கடலுக்கு ஓடுகின்றது. எஞ்சியது சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என நான்கு பகுதிகளிலும் இவ்வாறு நீர் தங்கும் படைகள் அமைந்துள்ளன.

இந்நீர் வெறும் பாறையின் மீது தங்கியிருப்பதன்று. மூன்று புறமும் கடலாலும் கடலேரியாலும் சூழப்பட்ட குடாநாட்டின் அடியிற் கடல்நீர் ஊடுருவியிருக்கின்றது. நன்னீர் பாரங் குறைந்தது. உவர்நீர் பாரங் கூடியது. ஆகவே மழைநீர் உவர்நீரின் மேல் ஒரு கண்ணாடி வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கின்றது. ஒல்லாந்தரான கைபென் என்பவரும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இதன் கணக்கை வகுத்துக் கூறினர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு.

கேட்பதற்கு மகிழ்ச்சி தரும் கணக்குத்தான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மேலே நீர்மட்டம் ஓரடி இறங்கி அவ்வாறே நீடித்து நின்றால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி மேலெழும். கிணற்றில் நீர் குறைவது கண்ணுக்குத் தெரியும். உவர் எழுவது தெரியாது. நீர் வாயிற் கரிக்கும்போதுதான் அறிவோம். அப்போது காலம் கடந்துவிட்டிருக்கும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றை அறியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. அடியற்ற கிணறு என்று நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அக்கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன. அதிசயத்துக்காக அல்ல, எச்சரிக்கைக்காகவே அக்கிணற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் வேண்டும்.

எமது முன்னோர் ஹேர்ஸ்பேர்க்கைக் கற்றவர்கள் அல்லர். எனினும் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. ஒருவன் மிதிக்க ஒருவன் இறைக்க மற்றொருவன் பாத்திக்கு நீர் கட்ட, களைத்தபோது கிணறும் ஓய்வு பெற்றது. பசளைக்குப் பூவரசங் குழையும் பனையோலையும் மண்ணில் தாழ்க்கப்பட்டன. ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் தோட்டத்தில் அடைக்கப்பட்டன. குடாநாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களும் கேணிகளும் மழைநீரைத் தடுத்து மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்கின. கோயிலடிக் கேணி நீராடுவதற்கு மட்டும் வெட்டப்பட்டதன்று. அது சுற்றுவட்டாரக் கிணறுகளின் களஞ்சியமாகவும் விளங்கியது.

குலைவு நேர்ந்த விதம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. ஒரு நாள் முழுவதும் மூவர் பாடுபட்டு இறைத்த நீரைச் சில மணி நேரத்தில் அவை இறைத்துத் தள்ளின. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பெருகின. அவ்வருமானத்தில் பிள்ளைகள் படித்தனர். இதனை நாம் குறைகூற முன்வரவில்லை. எம்மிற் பலருடைய பட்டங்களுக்கு அத்தோட்டங்களே செலவு செய்தன. ஆனால் இறைப்புக்கு இருந்த இயற்கையான எல்லை அன்றே அகன்றது என்பதும் உண்மை. கூடவே யூரியாவும் பிற இரசாயனப் பசளைகளும் வந்தன. பயிர் எடுத்தது போக எஞ்சிய நைத்திரேற்று, நீருடன் சுண்ணக்கல்லில் இறங்கியது. வலிகாமத்தின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதனை ஆய்வுகள் 1980களிலிருந்தே காட்டி வருகின்றன. புட்டிப்பால் உண்ணும் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இது குறைக்கவல்லது.

நீரை ஆளும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உயர் பதவி வகித்த பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடலேரியைத் தடுத்து நன்னீராக்கி, அந்நீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுவருவதே அதன் உட்கிடை. கடலேரிகள் உவர் நீங்கினால் சுற்றியுள்ள கிணறுகளும் உவர் நீங்கும் என்று அவர் கண்டார். வேலை தொடங்கப்பட்டும் அத்திட்டம் இன்றளவும் முழுமை பெறவில்லை.

அதன்பின் போர் வந்தது, இடப்பெயர்வு வந்தது. போர் 2009இல் ஓய்ந்ததன் பின்னர் வேறொரு கேடு நேர்ந்தது. சுன்னாகத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். சுன்னாகத்தில் இயங்கிய அனல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் தொடர்பாக வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு அம்மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையையும் செலுத்துதல் வேண்டும் என்ற பாடநூற் கோட்பாடு சுன்னாகத்துக் கிணற்றடியில் சட்டமாக நின்றது. ஆயினும் இழப்பீடு கிணற்றைக் கழுவாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய எண்ணெயைத் திரும்ப எடுப்பது, கறிக்குள் இட்ட உப்பைத் திரும்ப எடுப்பது போன்றது.

எமது பங்கு

மின்நிலையத்தைக் கண்டிப்பது எளிது. அதனை நாம் கட்டவில்லை. ஆனால் நாம் கட்டுபவை வேறு உள்ளன.

புலம்பெயர்ந்தோர் ஊரில் எழுப்பும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். இங்கே ஸ்ட்ரெதத்திலும் ரூட்டிங்கிலும் மிச்சத்திலும் இரண்டு அறைக்குள் நெருங்கி வாழ்ந்து, வார இறுதியிலும் வேலைக்குச் சென்று சேர்த்த பணம் அவ்வீடுகளிற் கல்லாகி நிற்கின்றது. இழந்த முற்றத்தை மீண்டும் காணும் ஆசை அதனுள் இருக்கின்றது. அந்த ஆசையை ஏளனஞ் செய்ய எமக்கு மனமில்லை. நாமும் அதே ஆசையுடன் வாழ்பவர்களே. எனினும் அவ்வீடு எவ்வாறு அமைகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறையும் மலசலகூடமும் வைக்கப்படுகின்றன. கூரைக்கு மேலே பெரிய தண்ணீர்த் தாங்கி ஏற்றப்படுகின்றது. கல்லாற் கட்டிய பழைய கிணறு அழகில்லை என்று மூடப்பட்டுக் குழாய்க்கிணறு துளைக்கப்படுகின்றது. ஆழமாகத் துளைத்தால் வற்றாது என்பது துளைப்பவரின் வாக்கு. ஆனால் மேலே நாம் கூறிய கணக்கின்படி, குடாநாட்டில் ஆழம் செல்லச் செல்ல நெருங்குவது நீரூற்றையன்று, உவர்நீரையே. பரந்த வாயுடைய ஆழங் குறைந்த கிணறு நன்னீரை மேலாக ஏந்தி எடுத்தது. குழாய்க்கிணறோ நன்னீர் வில்லையின் அடியை ஊசியாற் குத்துகின்றது. விரைவாக இழுக்கும் இயந்திரம் உவர்நீரைக் கூம்பு போல மேலே எழுப்பிவிடுகின்றது.

அடுத்தது முற்றம். மண்முற்றம் சேறாகும் என்று அதற்குக் கொங்கிறீற்று இடப்படுகின்றது. அல்லது ‘இன்ரலொக்’ கற்கள் பதிக்கப்படுகின்றன. முன்னர் வளவுக்குள் இறங்கிய மாரிமழை இப்போது வீதிக்கு ஓடுகின்றது. வீதியின் வெள்ளவாய்க்கால் மதிலால் அடைபட்டிருந்தால் அயலவரின் வீட்டுக்குள் ஓடுகின்றது. மாரியில் வெள்ளமென்றும் கோடையில் தண்ணீர் இல்லையென்றும் ஒரே ஊர் ஒரே ஆண்டில் முறையிடுவதன் காரணம் இதுவே. இவை இரண்டு துன்பங்கள் அல்ல. ஒரே துன்பத்தின் இரு முகங்கள்.

மூன்றாவது மலக்குழி. முதுசொமாக வந்த காணி பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து இரண்டு பரப்பாகவும் ஒரு பரப்பாகவும் சுருங்கிவிட்டது. அச்சிறு துண்டுக்குள் வீடும் கிணறும் மலக்குழியும் அமைய வேண்டியிருக்கின்றது. மணற்பாங்கான நிலம் அழுக்கு நீரை ஓரளவு வடிகட்டும். சுண்ணக்கல்லின் வெடிப்புகளோ வடிகட்டுவதில்லை. அவை குழாய்களைப் போலக் கொண்டு செல்கின்றன. எனவே எம் வீட்டு மலக்குழியின் நீர் எம் கிணற்றுக்கோ அயலவரின் கிணற்றுக்கோ செல்வதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. ஊரிலே வாழும் முதிய பெற்றோர் போத்தல் தண்ணீரை விலைகொடுத்து வாங்கிக் குடிக்கும் நிலை, நாம் அவர்களுக்காகக் கட்டிய வீட்டினுள்ளேயே தோன்றியிருக்கின்றது.

எல்லாக் கேட்டுக்கும் புலம்பெயர்ந்தோரே காரணம் என்று நாம் கூறவில்லை. நிலத்தடி நீரிற் பெரும்பகுதியை எடுப்பது விவசாயமே. கழிவகற்றலைத் திட்டமிடாத உள்ளூராட்சியும் பொறுப்பாளியே. ஆனால் அவையெல்லாம் பிறர் கையில் உள்ளவை. நாம் அனுப்பும் பணம் எம் கையில் உள்ளது.

இலண்டன் கற்ற பாடம்

இத்தகைய பிழைகளைச் செய்தவர்கள் நாம் மட்டுமல்லர். நாம் குடியேறிய இந்நகரமும் தன் நீரைத் தானே கெடுத்துப் பின்னர் திருந்திய நகரமே.

ஸ்ட்ரெதம் ஒரு காலத்திற் கிணற்றுக்குப் பெயர்பெற்ற ஊர். 1659ஆம் ஆண்டளவில் இங்கு கனிம நீரூற்றுகள் கண்டறியப்பட்டன. நோய் தீர்க்கும் நீரெனக் கருதி இலண்டனிலிருந்து மக்கள் திரண்டு வந்து பருகினர். இன்று ஸ்ட்ரெதம் பொதுவெளியை அடுத்துள்ள றூக்கறிப் பூங்காவில் அதன் நினைவுக்குறி மட்டும் எஞ்சியிருக்கின்றது. கொன்யர்ஸ் வீதியிற் குவிமாடங்களுடன் தோன்றும் நீரேற்று நிலையத்தை எம்மவர் பலர் கண்டிருப்பர். அது 1888இல் சவுத்வார்க் அன்ட் வோக்ஸ்ஹோல் என்னும் நீர் வழங்கு நிறுவனத்தாற் கட்டப்பட்டது.

இந்நிறுவனத்தின் பெயர் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, அந்நிறுவனம் பற்றர்சீ அருகே கழிவு கலந்த தேம்ஸ் நீரை எடுத்து வழங்கிக்கொண்டிருந்தது. லம்பெத் நிறுவனமோ 1852இலேயே தன் நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றிவிட்டது. ஒரே வீதியில் அயல் வீடுகளுக்கு இரு நிறுவனங்களும் நீர் வழங்கின. மருத்துவர் ஜோன் ஸ்னோ வீடு வீடாக விசாரித்துக் கணக்கிட்டார். தொற்றின் முதல் ஏழு வாரங்களில், முன்னைய நிறுவனத்தின் நீரைக் குடித்த 10,000 வீடுகளுக்கு 315 மரணங்களும், லம்பெத் நிறுவனத்தின் நீரைக் குடித்த 10,000 வீடுகளுக்கு 37 மரணங்களும் நிகழ்ந்திருந்தன. கழிவும் குடிநீரும் பிரிந்திருத்தல் வேண்டும் என்பதனை இந்நகரம் பிணங்களை எண்ணியே கற்றது. நாம் மீண்டும் எண்ணித்தான் கற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இரண்டாவது பாடமும் உண்டு. இலண்டனின் அடியில் சோக்குப் பாறை உள்ளது. அதுவும் சுண்ணக்கல்லின் ஒரு வகையே. அதுவும் நீரைத் தாங்குவதே. மதுவடிசாலைகளும் ஆலைகளும் அந்நீரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இறைத்தன. 1840களில் டிரஃபல்கர் சதுக்கத்தின் நீர்த்தாரைகளுக்கு நீரளித்தவை ஆழ்கிணறுகள். 1960களில் அப்பகுதியின் நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே 80 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தது. பின்னர் ஆலைகள் நகரை விட்டகன்றதும் நீர்மட்டம் மீண்டும் உயரத் தொடங்கியது; இப்போது அது மிகையாக உயராதவாறு அளந்து இறைக்கின்றனர். வட இலண்டனில் 1990களிலிருந்து, நீர் மிகுந்த காலத்திற் சுத்திகரித்த நீரைப் பாறைக்குள் இறக்கி வைத்து, வரட்சிக் காலத்தில் மீட்டெடுக்கின்றனர். எமது கோயிற் கேணி செய்த வேலையையே இங்கே பொறியியலாளர்கள் குழாய்களால் செய்கின்றனர்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கலாகாது. இலண்டனின் பாறை ஓய்வு பெற்றதும் மீண்டும் நன்னீரால் நிரம்பியது. குடாநாட்டில் நாம் காலியாக்கும் இடத்தை நிரப்பக் கடல் கீழே காத்திருக்கின்றது. இலண்டன் பிழைவிட்டுத் திருந்தக்கூடியதாக இருந்தது. எமக்கு அந்த அவகாசம் இல்லை.

செய்யத்தக்கவை

கடல்நீரைக் குடிநீராக்கினால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்பர் சிலர். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரவல்ல கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் முன்னைய திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததன் பின்னர் தெரிவு செய்யப்பட்ட வழி இதுவாகும். தாகத்துக்கு நீர் கிடைப்பதனை வரவேற்போம். ஆயினும் அந்நீரை உண்டாக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். குழாய்நீர் குடிப்பதற்குப் போதலாம். தோட்டத்துக்கும் தென்னைக்கும் மாட்டுக்கும் போதாது. கிணறு கெட்டால் ஊர் குடியிருக்கும் இடமாக எஞ்சலாம். விளையும் இடமாக எஞ்சாது.

ஆகவே வீடு கட்டப் பணம் அனுப்பும் அன்பர்கள், நிலப்படத்தைப் பார்க்கும்போது அறைகளை எண்ணுவதோடு நில்லாது சில வினாக்களையும் வினவுதல் வேண்டும். கூரையில் விழும் மழை எங்கே செல்லும் என்பது முதல் வினா. நூறு சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 120,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 96,000 லீற்றர் எஞ்சும். நாளுக்கு 400 லீற்றர் செலவிடும் குடும்பத்துக்கு அது 240 நாட்களுக்குரிய நீர். அதனைத் தொட்டியிலோ வடிகட்டிக் கிணற்றடியிலோ இறக்குவதற்காகும் செலவு, முகப்புத் தூண்களின் அலங்காரத்துக்காகும் செலவினும் மிகையாகாது.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டிடங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் சென்னையின் பல பகுதிகளில் நீர்மட்டம் உயர்ந்தது. ஆனால் அமைப்புகள் பராமரிப்பின்றிக் கிடந்தன; ஏரிகளும் சதுப்பு நிலங்களும் கட்டிடங்களால் நிரம்பின. 2019 கோடையிற் சென்னையின் ஏரிகள் வரண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து புகையிரதத்தில் நீர் கொண்டுவரப்பட்டது. சட்டம் தொடக்கமே, தொடர்ந்து பேணுதலே பயன் தரும் என்பதற்குச் சென்னை சான்று.

மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது, அதன் அடி பூசப்பட்டுள்ளதா என்பது இரண்டாவது வினா. அயலவரின் கிணற்றையும் இதில் உள்ளடக்குதல் வேண்டும். மதில் மேலேதான் உண்டு, நிலத்தின் கீழே இல்லை. முற்றத்தில் எவ்வளவு மண்ணாக விடப்படும் என்பது மூன்றாவது. பழைய கிணற்றைத் தூர்வாரிப் பயன்படுத்த இயலுமாயின் குழாய்க்கிணறு எதற்கு என்பது நான்காவது. இவ்வினாக்களைக் கேட்பவர் பணம் கொடுப்பவராக இருந்தால், மேசனும் ஒப்பந்தகாரரும் கட்டாயம் விடை கூறுவர்.

ஊர்ச்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய மாணவர் ஒன்றியங்களும் கோயில் நிதிகளும் ஆண்டுதோறும் இந்நகரிற் பெருந்தொகை திரட்டுகின்றன. வளைவுகளும் மண்டபங்களும் எழுகின்றன. அவற்றுள் ஒரு பங்கை ஊர்க்குளத்தைத் தூர்வாருவதற்கும், வெள்ளவாய்க்காலைத் திறப்பதற்கும், பாடசாலைக் கிணற்று நீரை ஆண்டுக்கொருமுறை பரிசோதிப்பதற்கும் ஒதுக்கலாகாதா? யாழ். நகரின் ஆரியகுளம் 2021இற் புனரமைக்கப்பட்டதை அனைவரும் மகிழ்ந்து பாராட்டினோம். நகரத்துக் குளத்துக்குக் கிட்டிய கவனம் ஊர்க் குளங்களுக்கும் கிட்டுதல் வேண்டும். பெயர்ப்பலகை பதிக்க இடமில்லை என்பதற்காகக் குளத்துக்குப் பணம் கொடுக்க எவரும் தயங்குவாராயின், குளக்கட்டிலும் ஒரு பலகை நடலாம். அதில் எமக்கு ஆட்சேபமில்லை.

வீடு கட்டும் வசதியற்றோர் எம்மிடையே பலர். அகதி விண்ணப்பத்துக்கு விடை கிடைக்காமல், வேலை செய்யும் அனுமதியின்றி, ஓர் அறையில் நாட்களை எண்ணிக்கொண்டிருப்போர் இக்கட்டுரை தமக்கன்று என எண்ணலாம். அவர்களுக்கும் ஊரில் ஒரு தாயோ ஒரு தமையனோ உண்டு. தொலைபேசியிற் பேசும்போது சுகம் விசாரிப்பதோடு கிணற்றையும் விசாரிக்கலாம். தண்ணீர் கரிக்கின்றதா, பரிசோதித்தீர்களா, கொதிக்கவைத்துக் குடிக்கின்றீர்களா என்று கேட்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று நீங்காது, நீர் வற்றுவதால் அது செறிவடையவே செய்யும் என்பதனையும் எடுத்துரைக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் இவ்வொரு தகவலே ஓர் உயிரைக் காக்கும்.

துலாவுக்குத் திரும்புங்கள் என்று நாம் கூறவில்லை. எழுபது வயதுத் தாய் வாளியால் அள்ளிக் குளிக்க வேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார். இயந்திரமும் குழாயும் அவருக்கு வேண்டும். அபிவிருத்தி வேண்டாம் என்பதன்று இப்பாடம். அது நிலைக்க வேண்டும் என்பதே. ‘ஊருக்குத் திரும்புவோமோ தெரியாது, பிள்ளைகள் திரும்பவே மாட்டார்கள், பிறகு யாருக்காக இந்தக் கவலை’ என்று கேட்போரும் உளர். அவ்வாறாயின் அவ்வீடு யாருக்காகக் கட்டப்படுகின்றது? நாம் திரும்பாவிடினும் எம் மலக்குழிக்கு அப்பால் வாழும் அயலவர் அங்கேயே வாழ்வார். நாம் விட்டுவந்த ஊரைக் காத்து நின்றவர் அவர். அவருடைய கிணற்றை உவராக்கும் உரிமையை எந்த நாட்டு நாணயமும் எமக்குத் தராது.

பிள்ளைகளின் புவியியற் பாடநூலை இவ்வார இறுதியில் ஒருமுறை கையிலெடுத்துப் பாருங்கள். அதிற் பிறேசில் நாட்டுக் காடுகளும் ஆபிரிக்க நாட்டு ஆறுகளும் உதாரணங்களாக இருக்கும். அவற்றோடு குடாநாட்டின் கிணறொன்றை வரைந்து காட்டுங்கள். மேலே மழை, நடுவே நன்னீர், கீழே உவர்நீர் என மூன்று கோடுகள் போதும். பிள்ளைக்குப் பாடமும் விளங்கும், தன் ஊரும் விளங்கும். அதன் பின்னர், ஊரில் எழும் வீட்டின் நிலப்படத்தையும் அப்பிள்ளையிடமே கொடுத்து, இதில் மழை எங்கே போகும் என்று கேளுங்கள்.